திருவக்கரைச் சாலையில் முறிந்த வீல் ஸ்டட்: வீட்டிலேயே மாற்றுவது எப்படி?



நம்மில் பலருக்குக் கடை வண்டியும் வீட்டு வண்டியும் ஒன்றுதான். காலையில் மார்க்கெட்டிலிருந்து சரக்கு ஏற்றி வரும் அதே வண்டியில்தான் மாலையில் குடும்பத்தைக் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறோம். ஆனால் கல்லாப்பெட்டிக்குக் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட வண்டிச் சக்கரத்துக்குக் காட்டுவதில்லை. அப்படிக் காட்டாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். பட்டு அறிந்ததை நம் உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நடந்தது என்ன?

வக்கிரகாளியம்மன் அருள்பாலிக்கும் திருவக்கரைக்குப் பௌர்ணமிதோறும் வெளியூர்க் கூட்டம் திரண்டு வரும் என்பது நம் பகுதி வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி ஒரு பௌர்ணமியன்று திண்டிவனத்திலிருந்து தேங்காய், கற்பூரம், விளக்கெண்ணெய், எலுமிச்சம்பழ மூட்டைகளோடு எங்கள் வேன் புறப்பட்டது. ஓட்டியது கடைப் பையன். அம்மனைத் தரிசிக்க வேண்டும் என்று என் தாயாரும் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் சென்றேன்.

திருவக்கரைச் சுற்று வட்டாரத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் அதிகம். ஜல்லி லாரிகள் ஓடி ஓடிச் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கும். ஊர் நெருங்கும் நேரத்தில் வேனின் பின்சக்கரம் லேசாக ஆடுவதைக் கண்டேன். ஹாரன் அடித்து நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் பார்த்தால் நான்கு ஸ்டட்டுகளில் ஒன்று முறிந்து நட்டோடு காணாமல் போயிருந்தது. இன்னொன்றின் நட்டு கையால் திருகினாலே சுழன்றது. மீதி இரண்டு ஸ்டட்டுகளில் முழுச் சரக்கும் என் தாயாரும் வந்துகொண்டிருந்தார்கள்.

திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் சொல்கிறார்கள். மரமே கல்லாக நிலைத்துவிட்ட ஊரில் இரும்பு முறிந்து நின்றோம்.

சரக்கை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பினேன். தாயாரை ஆட்டோவில் ஏற்றினேன். பிறகு யோசித்தபோதுதான் காரணம் விளங்கியது. இரண்டு வாரத்துக்கு முன் அதே சக்கரம் வழியில் பஞ்சராகி, அந்தக் கல்தூள் பறக்கும் சாலையோரத்தில்தான் ஸ்டெப்னி மாற்றினோம். "தம்பி, ஸ்பேனர் மேலே ஏறி நின்னு நல்லா மிதி. கழலவே கூடாது" என்று பையனிடம் சொன்னது வேறு யாருமல்ல, நான்தான்.

ஸ்டட் எதைத் தாங்குகிறது?

வண்டியின் எடை முழுவதும் அந்த நான்கு ஸ்டட்டுகளின் மேல்தான் தொங்குகிறது என்று பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. ஸ்டட்டும் நட்டும் சேர்ந்து சக்கரத் தட்டை ஹப்போடு நெருக்கி அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தால் இரண்டு பரப்புகளுக்கும் இடையே உண்டாகும் பிடிப்புதான் சுமையைத் தாங்குகிறது. மூட்டையின் வாயைக் கயிறு இறுக்கிப் பிடித்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கயிறு தளர்ந்தால்? சக்கரம் ஹப்பின் மேல் நூலளவு நகர ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் இப்படியும் அப்படியும் வளையும். ஒரு கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அது கையோடு ஒடிந்து வருவதில்லையா? அதே கதைதான். ஒன்று ஒடிந்ததும் அதன் பங்கு மற்றவற்றின் மேல் விழும். அடுத்தது இன்னும் விரைவில் ஒடியும்.

எங்கள் வேனில் நடந்த தவறுகள் மூன்று:

1. சக்கரத்துக்கும் டிரம்முக்கும் இடையே இருந்த கல்தூளையும் துருவையும் துடைக்காமல் மாட்டினோம். வண்டி ஓட ஓடத் தூள் நசுங்கி அமர்ந்தது. அந்த அளவுக்கு இறுக்கம் குறைந்தது.

2. ஸ்பேனர் மேல் ஏறி மிதித்தோம். அதனால் ஸ்டட் தாங்கும் எல்லைக்கு மேல் இழுபட்டது.

3. சக்கரம் மாற்றியபின் நட்டுகளை மறுபடி சோதிக்கவே இல்லை.

கண்ணளவில் சரக்குக் கொடுப்போமா?

இரண்டாவது தவறைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஏனென்றால் இதை நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்கிறோம்.

மாருதியின் பல கார்களுக்கு வீல் நட்டின் இறுக்கம் 85 நியூட்டன் மீட்டர். டொயோட்டாவின் பல கார்களுக்குச் சுமார் 103. பொதுவாகச் சிறிய, நடுத்தரக் கார்கள் பெரும்பாலும் 80 முதல் 120-க்குள் அடங்கும். உங்கள் வண்டிக்குரிய சரியான எண் வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கும்.

ஒரு அடி, அதாவது 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையை 30 கிலோ அளவு விசையுடன் கையால் இழுத்தால் 88 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். அது போதுமானது. அதே ஸ்பேனரின் முனையில் 70 கிலோ எடையுள்ள ஆள் ஏறி நின்றால் 206. குதித்து மிதித்தால் இன்னும் கூடும். பைப்பைச் செருகி ஸ்பேனரை மூன்று அடியாக்கி, அதே 30 கிலோ விசையில் இழுத்தால் 265. தேவையைப் போல மூன்று மடங்கு! ஸ்டட் உள்ளுக்குள் இழுபட்டு நீண்டுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த பள்ளத்தில் தெரியும்.

தராசு இல்லாமல் கண்ணளவில் சர்க்கரை நிறுத்துக் கொடுக்க நம் மனம் ஒப்புமா? எடை போட ஒரு தராசு போல, நட்டு முடுக்க டார்க் ஸ்பேனர் என்று ஒன்று இருக்கிறது. வைத்த அளவு வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும். அது இல்லாவிட்டாலும் பாதகமில்லை. நம் கடையில் இருக்கும் 50 கிலோ தொங்கு தராசு போதும். நட்டின் நடுவிலிருந்து சரியாக 30 சென்டிமீட்டர் தள்ளி ஸ்பேனரில் தராசின் கொக்கியை மாட்டுங்கள். ஸ்பேனருக்குச் செங்குத்தான திசையில் இழுங்கள். நட்டின் மேல் இருக்கும் ஸ்பேனர் தலையை மறுகையால் தாங்கிக்கொள்ளுங்கள். தராசு 29 கிலோ காட்டும்போது 85 நியூட்டன் மீட்டர் ஆகிவிட்டது. 36 கிலோ என்றால் சுமார் 105. ஒரு முறை இப்படிச் செய்து பார்த்தால் கை தானாக அளவைக் கற்றுக்கொள்ளும்.

வேலையைத் தொடங்கும் முன்

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது ஸ்டட்டா, போல்ட்டா என்று பாருங்கள். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா போன்றவற்றில் ஹப்பிலிருந்து ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நட்டு திருகுகிறோம். வோக்ஸ்வேகன், ஸ்கோடா போன்றவற்றில் நட்டு கிடையாது. போல்ட்டே ஹப்புக்குள் திருகிச் செல்லும். அத்தகைய போல்ட் உள்ளே ஒடிந்துவிட்டால் வீட்டில் முயல வேண்டாம். பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அடுத்து, ஒடிந்த துண்டின் முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி வழுவழுப்பாகவும் துரு ஏறியும், மீதி மட்டும் புதிதாகப் பளபளப்பாகவும் இருந்தால், அது பல நாட்களாகச் சிறிது சிறிதாக விரிந்து வந்த பழைய விரிசல். சக்கரம் தளர்ந்து ஓடியிருக்கிறது என்று பொருள். மற்ற ஸ்டட்டுகளிலும் அதே விரிசல் இருக்கலாம். ஆகவே ஒன்று ஒடிந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டுகளையும் நட்டுகளையும் மாற்றிவிடுவதே நல்லது. ஒரு ஸ்டட்டின் விலை பெரும்பாலும் ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கிவிடும். இதில் சிக்கனம் பார்ப்பது எள்ளை எண்ணி எண்ணெயைக் கொட்டும் கதை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் பழைய ஸ்டட்டைக் கையோடு கொண்டு போங்கள். நான்கு அளவுகள் ஒத்திருக்க வேண்டும்: மொத்த நீளம், மரையின் பருமன், மரையின் இடைவெளி, தலைக்குக் கீழே இருக்கும் பற்களின் சுற்றளவு. இந்தப் பற்கள்தான் ஹப்பின் துளையில் இறுகப் பிடித்து ஸ்டட் சுழலாமல் காக்கின்றன. மாருதியில் வழக்கமாக வருவது 12 எம்.எம். பருமன், 1.25 எம்.எம். இடைவெளி. டொயோட்டாவில் வழக்கமாக 12 எம்.எம். பருமன், 1.5 எம்.எம். இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். மாற்றித் திருகினால் மரை பாழாகும்.

லேத்தில் சாதாரண இரும்பைக் கடைந்து ஸ்டட் செய்வதும், ஒடிந்ததை வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. ஸ்டட் என்பது சூடேற்றிப் பதப்படுத்திய உறுதியான எஃகு. வெல்டிங் வெப்பம் அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும்.

வேலை செய்யும் முறை

வீட்டுக்குப் பின்புறம் சமதளமான, கெட்டியான தரையைத் தேர்ந்தெடுங்கள். மண் தரையானால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை வேண்டும். உடன் ஓர் ஆள் இருப்பது அவசியம். டிரம் பிரேக் உள்ள பின்சக்கரத்துக்கான முறை இது:

1. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள்.

2. ஜாக்கியால் தூக்கியதும் ஸ்டாண்டு வைத்து, வண்டியை அதன் மேல் அமர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்தால் அதுவும் ஒரு காவல்.

3. இப்போது ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் டிரம் வெளியே வராது. பின்சக்கர இயக்கமுள்ள வண்டியானால் கியரை நியூட்ரலில் வையுங்கள். முன்சக்கரத்துக் கட்டைகளை இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வண்டியை இப்போது அவைதான் பிடித்து நிற்கின்றன.

4. டிரம் துருப்பிடித்து வர மறுத்தால் அதன் முகத்தில் மரை போட்ட இரண்டு சிறு துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அவை 8 எம்.எம். போல்ட்டுக்கானவை. இரண்டிலும் போல்ட்டை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும்.

5. உள்ளே இருக்கும் பிரேக் தூளை வாயால் ஊதாதீர்கள். காற்றும் அடிக்காதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். டிரம் கழன்றிருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பிரேக் ஆயில் ஒழுகிவிடும்.

6. ஹப்பைச் சுழற்றி, ஒடிந்த ஸ்டட்டின் பின்னால் போதிய இடம் கிடைக்கும் நிலையில் நிறுத்துங்கள். ஸ்டட் முன்பக்கமிருந்து பின்பக்கமாகத்தான் வெளியேறும். துருநீக்கி எண்ணெய் விட்டு, சிறிது நேரம் ஊற விடுங்கள். பிறகு சுத்தியலால் நேராகத் தட்டுங்கள். ஓங்கி ஓங்கி அடித்தால் உள்ளே பேரிங் கெடும். நாலைந்து தட்டில் அசையாவிட்டால் திருகு கிளாம்ப் போட்டு அழுத்தி வெளியேற்றுவது மேல்.

7. புதிய ஸ்டட்டைப் பின்பக்கமிருந்து செருகுங்கள். பழைய பற்கள் துளையில் பதித்த தடத்தோடு புதிய பற்களைப் பொருத்துங்கள். முன்பக்கத்தில் கெட்டியான வாஷர்கள் மூன்று நான்கை அடுக்கி, வாஷர்களுக்கு இடையே சிறிது கிரீஸ் தடவுங்கள். ஒரு பழைய நட்டைத் திருப்பி, தட்டையான பக்கம் வாஷரில் படும்படி முடுக்குங்கள். நட்டு முடுகும்போது ஸ்டட் உள்ளே இழுபட்டு வரும். ஹப் சுழலாமலிருக்க, மற்ற இரண்டு ஸ்டட்டுகளில் நட்டைப் போட்டு மரைக்குக் காவல் கொடுத்துவிட்டு, அவற்றுக்கிடையே நீளக் கம்பியைக் கொடுத்து உடனிருப்பவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

8. ஸ்டட்டின் தலை ஹப்பின் பின்பரப்பில் இடைவெளியின்றி ஒட்டி அமர்ந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நூலளவு இடைவெளி இருந்தாலும் வண்டி ஓடும்போது அது அமர்ந்து, நட்டு தளர்ந்துவிடும். இழுக்கப் பயன்படுத்திய நட்டின் மரை பழுதாகியிருக்கும். அதைச் சக்கரத்துக்குப் போடாமல் எறிந்துவிடுங்கள்.

9. ஹப், டிரம், சக்கரத் தட்டு ஆகியவற்றின் ஒட்டும் பரப்புகளைக் கம்பி பிரஷால் தேய்த்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கையேடு சொன்னாலன்றி மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். வழுக்கும் மரையில் அதே அளவு முடுக்கினாலும் ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

10. நட்டின் கூம்பு முகம் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் விரலால் திருகுங்கள். பிறகு எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் படிப்படியாக முடுக்குங்கள். வண்டியைத் தரையில் இறக்கியபின் கடைசி அளவைத் தராசு வைத்து முடியுங்கள். பிரேக்கைச் சில முறை மிதித்து, பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

முன்சக்கர டிஸ்க் பிரேக்கானால், காலிபரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். ஹோஸில் தொங்கவிடக் கூடாது. மற்றவை ஏறக்குறைய இதே முறைதான். ஆனால் பல முன்சக்கர இயக்கக் கார்களில் ஸ்டட் பின்னால் வெளியேற இடம் இருக்காது. ஹப்பையே கழற்ற வேண்டிவரும். சில கார்களில் பின் டிரம்மும் ஹப்பும் பேரிங்கும் ஒரே தொகுதியாக இருக்கும். இப்படிப்பட்ட வண்டியானால் கௌரவம் பார்க்காமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அவர் வேலை செய்யும்போது மேற்சொன்னவற்றைக் கவனித்துப் பார்த்தாலே போதும்.

இன்னொரு குறிப்பு. பழைய வில்லிஸ் ஜீப்பிலும் சில பழைய லாரிகளிலும் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரி மரை இருக்கும். வழக்கமான திசையில் 'கழற்றுவதாக' நினைத்து இறுக்கியே ஸ்டட்டை ஒடித்தவர்கள் உண்டு. அத்தகைய வண்டி வைத்திருப்போர் முதலில் மரையின் திசையைப் பார்த்துக்கொள்க.

வேலை முடிந்தபின்

50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை சோதித்தே ஆக வேண்டும். பஞ்சர் கடையில் சக்கரம் கழற்றி மாட்டினாலும் இதே விதிதான். காற்றுத் துப்பாக்கியால் நட்டை அடித்து ஏற்றும் இடங்களில், "கடைசி முடுக்கு கையால் போடுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். காசு கொடுப்பவர் நாம்.

சக்கரத்திலிருந்து 'டக் டக்' என்ற சத்தம், ஸ்டியரிங்கில் புதிய நடுக்கம், நட்டைச் சுற்றித் துருக்கோடு, நட்டுத் துளையைச் சுற்றிப் பளபளவென்று தேய்ந்த தடம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே நிறுத்துங்கள். "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்பதே ஆபத்தான வார்த்தை. ஸ்டட் ஒன்று ஒடிந்த நிலையில் சரக்கோடு ஓட்ட வேண்டாம். குட்டியானையானாலும் வேனானாலும், அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் ஸ்டட், பேரிங், டயர் மூன்றும் சேர்ந்து வட்டி கேட்கும்.

ஸ்டெப்னி என்கிறோமே, அந்தப் பெயரின் கதை நம்மவர்களுக்குப் பிடிக்கும். 1904 வாக்கில் காரோடு மாற்றுச் சக்கரம் தரும் வழக்கமே இல்லை. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த லனெத்லி என்ற ஊரில் இரும்புச் சாமான் கடை நடத்திய டேவிஸ் சகோதரர்கள் அந்தக் குறையைக் கண்டு ஒரு மாற்றுச் சக்கரத்தை உருவாக்கி விற்றார்கள். அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. ஒரு கடைத்தெருவின் பெயர் நம் கிராமத்துப் பஞ்சர் கடை வரை வந்துவிட்டது. வழியில் வண்டி நின்றால் என்ன பாடு என்பதை ஒரு கடைக்காரரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அந்தப் பௌர்ணமிக்குப் பிறகு எங்கள் வேனில் நான்கு பொருள்கள் நிரந்தரமாக இருக்கின்றன: ஒரு கம்பி பிரஷ், ஒரு துணி, அளவெடுத்துக் கோடு போட்ட ஸ்பேனர், ஒரு தொங்கு தராசு. பையனுக்கும் ஒரே ஒரு கட்டளைதான்: ஸ்பேனரைக் கையால் இழு, காலால் தொடாதே. இன்றும் பௌர்ணமிக்குச் சரக்கோடு வேன் போகிறது. முன்னிருக்கையில் என் தாயாரும் போகிறார். புறப்படும் முன் நான்கு சக்கரத்து நட்டுகளையும் தொட்டுப் பார்ப்பது இப்போது என் வேலை.

தராசில் முத்திரை இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் நாம், நம்மை நம்பி வண்டியில் ஏறுகிறவர்களுக்காகச் சக்கரத்தையும் மாதம் ஒருமுறை பார்ப்போம். ஐந்து நிமிட வேலை.